பெல்ஸ் மணி டிகாண்டர்: பல ஆண்டுகள் வைத்திருந்தும் பருகியும் கண்டவை

இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்தையொட்டி (29 ஜூலை 1981) பெல்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஸ்கி நிறுவனம் வெளியிட்ட, விஸ்கி நிரப்பிய மணி வடிவப் பீங்கான் டிகாண்டர் (மது வைக்கும் அலங்காரக் குடுவை) பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதைத் தயாரித்தது இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த வேட் நிறுவனம். அடுத்து அவர்களின் மகன்கள் வில்லியம் பிறந்த 1982இலும் ஹாரி பிறந்த 1984இலும் 50 செ.லி. (அரை லிட்டர்) கொண்ட சிறிய மணிகளும், 1988 முதல் கிறிஸ்துமஸ் மணிகளும் வந்தன. எனது மணி 75 செ.லி. கொள்ளளவுடையது.

பல விஸ்கிகளைக் கலந்து செய்யும் பெல்ஸ், அன்று பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஸ்காட்ச் விஸ்கிகளில் ஒன்று. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் தோன்றிய இந்நிறுவனம், பிட்லாக்ரியிலுள்ள பிளேர் அதோல் ஆலையை 1933இல் வாங்கியது. அந்த ஆலையின் புகைமணமில்லாத மால்ட்டே (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) இக்கலவையின் அடித்தளம். எனவே டிகாண்டரைத் திறந்து ஊற்றியதும் முதலில் வந்த மணம் புகையன்று. தேன், வறுத்த கொட்டை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றின் மணமே முந்தி வந்தது. நாவில் மால்ட்டின் இனிப்பும் மெல்லிய இஞ்சிக் காரமும் சேர்ந்து, இறுதியில் சற்றே ஈரமரத்தின் வாடை தங்கியது. சில துளி நீர் சேர்த்தால் அந்த வாடை விலகிப் பழச்சுவை மேலெழுகிறது; நீரின்றிப் பருகுவதைவிட அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. புட்டிக்குள் விஸ்கி முதிர்வதில்லை என்பதால், இந்தச் சுவையை வயதின் சிறப்பாகக் கருதாமல் அக்காலக் கலவையின் இயல்பாகவே கொள்ள வேண்டும்.

நினைவுப்பொருளாக இதற்கு ஈடானவை குறைவு. ஆனால் விஸ்கியைக் காக்கும் கலமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பீங்கானுக்குள் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கண்ணால் அறிய இயலாது. தக்கை உலர்ந்தால் விஸ்கி மெல்ல ஆவியாகிவிடும். படுக்க வைத்தாலோ சாராயம் தக்கையையே அரித்துவிடும் என்பதால் எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். பழைய பீங்கான் மெருகுகளில் ஈயம் இருக்கக்கூடும், அது சாராயத்தில் கரையவும் கூடும் என்பதே எனக்குப் பெரிய கவலை. ஆகவே திறந்த அன்றே முழுவதையும் மெல்லிய துணியில் வடித்துக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றினேன். நொறுங்கிய தக்கைத் துகள்களும் துணியிலேயே நின்றுவிட்டன. நீண்ட காலம் பீங்கானில் கிடந்த விஸ்கியை அளவோடு, அரிதாகப் பருகுவதே சரி.

வாங்க விரும்புவோர் முத்திரையையும் பெட்டியையும் மட்டும் நம்பாமல் எடையையும் கேட்க வேண்டும். 75 செ.லி. விஸ்கி ஏறக்குறைய 710 கிராம் இருக்கும். அதே வகைக் காலி மணியின் எடையுடன் இதைக் கூட்டி, விற்பவர் சொல்லும் எடையுடன் ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இவை பெருமளவில் தயாரிக்கப்பட்டவை, ஆகவே அரிய பொருள் என்று சொல்லிக் கேட்கும் உயர்ந்த விலைக்கு இணங்க வேண்டியதில்லை.