கன்சல்டன்ட்டா, மேலாளரா, நாமே பார்த்துக்கொள்வதா?

தொழில் வளரும்போது ஒரு கட்டத்தில் எல்லாமே இழுபறியாகும். ஆர்டர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் சரக்கு நேரத்துக்குப் போவதில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்கிறார்கள். அப்போதுதான் "ஒரு கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா?" என்ற பேச்சு எழும். "அந்தப் பணத்துக்கு நல்ல மேலாளர் ஒருவரை வேலைக்கே எடுத்துவிடலாமே" என்பார் கூட்டாளி. "நமக்குத் தெரியாததையா அவர் வந்து சொல்லப்போகிறார்?" என்பார் இன்னொருவர்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோளாறு எங்கே என்றே தெரியவில்லையா, தெரிந்தும் சரிசெய்யத் தெரிந்த ஆள் இல்லையா, ஆள் இருந்தும் அவருக்கு நேரம் இல்லையா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கன்சல்டன்ட்டின் பெரிய பலம், அவர் வெளியாள் என்பதுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது. பல வருடமாக ஒரே வழியில் ஓடும் வேலையில் எது தேவை, எது வெறும் வழக்கம் என்று உள்ளே இருப்பவருக்குப் பிரித்துப் பார்க்க வராது. டெலிவரி தாமதத்துக்கு விற்பனைப் பிரிவைத் திட்டிக்கொண்டிருப்போம். வெளியாள் ஒருவர் ஒரே ஒரு ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசிவரை பின்தொடர்ந்து போனால், அது முதலாளியின் மேசையில் கையெழுத்துக்காக நான்கு நாள் கிடந்தது தெரியவரும். அதை முதலாளியிடம் நேருக்கு நேர் சொல்வதும் வெளியாளுக்குத்தான் எளிது. சம்பளம் வாங்குகிறவர் தயங்குவார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த வெளியாளால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2008இல் மும்பையைச் சுற்றியுள்ள நெசவு ஆலைகளில் நிக்கோலஸ் புளூம், டேவிட் மெக்கென்சி உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள், ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பிரிவு ஆலைகளுக்கு ஒரு மாதம் ஆய்வு, அப்புறம் நான்கு மாதம் கூடவே இருந்து மாற்றங்களைச் செய்ய உதவி. இன்னொரு பிரிவுக்கு அந்த ஒரு மாத ஆய்வு மட்டும். சொல்லிக்கொடுத்தவை எல்லாம் எளிய விஷயங்கள்: இயந்திரம் எப்போது, ஏன் நின்றது என்று எழுதுவது, துணியில் விழும் குறைகளை நாள்தோறும் பதிவு செய்து காரணம் தேடுவது, நூல் இருப்புக்குச் சரியான கணக்கு வைப்பது. முழு உதவி கிடைத்த ஆலைகளில் உற்பத்தித்திறன் முதல் வருடத்திலேயே 17 சதவீதம் உயர்ந்தது. மூன்று வருடத்துக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளும் திறந்தன. ஆய்வோடு நிறுத்தப்பட்ட ஆலைகளோ புதிய முறைகளில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொண்டன.

கன்சல்டன்ட் வேண்டாம் என்று சொல்லும் பலரின் கசப்புக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் வாங்கியது அறிக்கை. அழகான பிரசன்டேஷன் வந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள், மறுநாள் வேலை பழையபடி ஓடியது. காரணத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. புதிய பழக்கம் ஊன்றும்வரை பக்கத்தில் நிற்பதற்குத்தான் கட்டணம் கொடுக்க வேண்டும்.

அதிலும் ஒரு பலவீனம் உண்டு. சில வருடங்கள் கழித்து அதே ஆய்வாளர்கள் அந்த ஆலைகளுக்குத் திரும்பப் போனார்கள். ஏற்றுக்கொண்ட முறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. பழகிய மேலாளர் வேலையை விட்டுப் போனதும், இயக்குநர்களுக்கு அதில் செலவிட நேரம் இல்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். அப்படியும் அந்த ஆலைகள் மற்ற ஆலைகளைவிட முன்னால்தான் இருந்தன. ஆனால் கன்சல்டன்ட் விதைத்ததைக் காப்பாற்ற உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

சரி, அந்த ஆளையே நேரடியாக எடுத்துவிட்டால்? நைஜீரியாவில் ஸ்டீபன் ஆண்டர்சன் என்ற ஆய்வாளரும் அதே டேவிட் மெக்கென்சியும் இதைத்தான் சோதித்தார்கள். சிறு நிறுவனங்களில் சில முதலாளிகளுக்கு வகுப்புப் பயிற்சி, சிலருக்குத் தனி ஆலோசனை, சிலருக்குக் கணக்கு அல்லது விற்பனை தெரிந்த ஆளை வேலைக்கு எடுக்க உதவி, இன்னும் சிலருக்கு அந்த வேலையை வெளி நிபுணரிடம் ஒப்படைக்க உதவி. வகுப்புப் பயிற்சி பின்தங்கியது. ஆள் எடுத்தவர்களும் வெளியே ஒப்படைத்தவர்களும் ஆலோசனை பெற்றவர்களுக்குக் குறையாத பலன் கண்டார்கள், அதுவும் பாதிச் செலவில். கணக்கு சரியில்லை, விளம்பரம் செய்யத் தெரியவில்லை என்று உங்கள் குறை உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால், அதை முதலாளி உட்கார்ந்து கற்றுக்கொள்வதைவிடத் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். அந்த இடத்தில் கன்சல்டன்ட் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் குறை எது என்று தெரியாமல் மேலாளரை எடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது. உற்பத்தி மேலாளரை எடுத்துவிட்டு, சிக்கல் கொள்முதலில் இருந்தது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், அவரை என்ன செய்வீர்கள்? கன்சல்டன்ட்டை அனுப்பிவிடலாம். வேலைக்கு எடுத்தவரை அப்படி அனுப்புவது அவருக்கும் அநியாயம், மற்றவர்களின் மனதையும் உடைக்கும்.

பலரும் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது: ஒத்த நிறுவனங்கள் சில ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்வது. கொலம்பியாவில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களிடம் இதைச் சோதித்தபோது, தனித்தனி ஆலோசனையின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. நிர்வாக முறைகள் இரண்டிலும் ஒரே அளவுக்கு, 8 முதல் 10 சதவீதப் புள்ளிகள், முன்னேறின. ஆனால் அடுத்த மூன்று வருடத்தில் வேலையாட்கள் எண்ணிக்கை கூடியது குழுவாகச் சேர்ந்தவர்களிடம் மட்டுமே. பக்கத்து நிறுவனத்துக்காரர் செய்து காட்டும்போது வரும் நம்பிக்கை வேறு. போட்டியாளர் முன்னால் கணக்கைத் திறக்க மனம் வராதவர்களுக்கு இது ஒத்துவராது, அதுவும் புரிகிறது.

நாமே பார்த்துக்கொள்வது என்ற வழிக்கு எல்லோரும் டொயோட்டாவைக் காட்டுவார்கள். அங்கே 1951 முதல் தொழிலாளர்களே யோசனை சொல்லும் ஏற்பாடு இருந்தது. கோளாறு வந்தால் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்டு வேரைத் தேடும் பழக்கத்தை, அந்த நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்த டைச்சி ஓனோ ஊன்றினார். ஆனால் அதே டொயோட்டா 1955 முதல் ஷிகியோ ஷிங்கோ என்ற வெளி ஆலோசகரை அழைத்துத் தன் ஆட்களுக்குத் தொழில் பொறியியல், அதாவது வேலையை வீணில்லாமல் ஒழுங்கமைக்கும் முறை, சொல்லிக்கொடுக்க வைத்தது. உள்ளே திறமை இருப்பவர்களும் வெளியே கேட்டுக் கற்றார்கள். செலவில்லாத வழி என்று நினைத்து இதில் இறங்குகிறவர்கள், பொறுப்பைக் கொடுக்கும் ஊழியரின் பழைய வேலையைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு முழு நாளாவது அவருக்கு ஒதுக்க முடியாவிட்டால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

எந்த நிலையிலும் கன்சல்டன்ட்டை எடுக்கக் கூடாத ஒரு சூழ்நிலை உண்டு. ஆட்குறைப்பு செய்வது என்று முதலாளி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, அதை வேறொருவர் வாயால் சொல்லவைக்கக் கூப்பிடுவது. ஊழியர்கள் அதை ஒரே வாரத்தில் புரிந்துகொள்வார்கள். அடுத்த முறை உண்மையான ஆலோசகர் வந்தாலும் யாரும் அவரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

கன்சல்டன்ட்தான் என்று முடிவானால், பெரிய ஒப்பந்தமாகப் போடாமல் முதல் மாதத்தைத் தனியாகப் போடுங்கள். அந்த மாத முடிவில் அவர் சொல்வது உங்களுக்குச் சங்கடமாகவும் அதே சமயம் உண்மையாகவும் பட்டால் மட்டும் அடுத்த கட்டம். அதற்கான ஒப்பந்தத்தில், உங்கள் ஊழியர்கள் இரண்டு பேர் முதல் நாளிலிருந்தே அவரோடு இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் விலகிப் போனாலும் இன்னொருவர் இருப்பார். கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வேலை முடிந்த ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் அவர் திரும்ப வந்து, எந்தெந்தப் பதிவேடு இன்னும் எழுதப்படுகிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள்.