ஏழே முக்கால் வண்டியும் அப்பாவின் பட்டாவும்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். 2025 அக்டோபர் 2-ஆம் தேதி போய், தீபாவளி முடிந்து 23-ஆம் தேதி கிளம்பினேன். இரண்டு வேலைகள். அப்பாவுக்கு வருஷத் திவசம் முடிந்து வரும் முதல் தீபாவளிக்கு அம்மாவோடு இருக்க வேண்டும். அப்பா பெயரில் கிடக்கும் நிலத்தை, வாரிசுகள் எல்லார் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக மாற்ற வேண்டும். முதல் வேலை முடிந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய கட்டடத்தில் கைக்குழந்தையோடு வியர்த்து நின்ற இரவுகளை நான் மறக்கவில்லை. இந்த முறை அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். டீக்கடையிலிருந்து பூக்காரம்மா வரை எல்லாரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. டவுனுக்குப் போக ஒரே நம்பிக்கை டவுன் பஸ்தான். அதை யாரும் தடம் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏழே முக்கால் வண்டி, பத்தரை வண்டி, ரெண்டு மணி வண்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இதை ஓசி என்று இளப்பமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒரு நாள் அந்த ஏழே முக்கால் வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற அக்கா, கல்லூரிப் பிள்ளைகள், கூடையில் கீரைக்கட்டோடு ஒரு ஆச்சி. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மாசம் 800 ரூபாய் மிச்சமாகிறது, அதில்தான் மகனுக்கு டியூஷன் என்றாள். அவள் சம்பளமே 8,000. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு தன்னார்வலர் பெண் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார். நான் இருந்தபோதும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்தார், நோட்டில் எழுதினார், மாத்திரை உறையின் மேல் பேனாவால் அடுத்த மாதத் தேதியைக் குறித்தார். "அன்னைக்கு வர்றேன் அத்தை. வயலுக்குக் கெளம்பிடாதீங்க" என்றார். போன மாத உறையை எடுத்துப் பார்த்தேன். அதில் குறித்திருந்த தேதியும் அவர் வந்த தேதியும் ஒன்று.

அந்த உறையை நான் ஏன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பட்டா கதையைச் சொன்னால் புரியும்.

தம்பி ஜூன் மாதம், மேட்டூர் திறந்த வாரத்தில், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுவை ஏற்றினான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் இருந்தன. மனு எண் அன்றைக்கே போனுக்கு வந்துவிட்டது. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி என்னால் பார்க்க முடிகிறது. அப்பா காலத்தில் ஒரு வில்லங்கச் சான்றுக்கு நாலு நடை நடக்க வேண்டும். கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. மனு ஒரு மேசைக்கு வந்து சேர்ந்தபோதுதான் நின்றது. ஆகஸ்டில் ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள்: பட்டாவில் அப்பா பெயருக்கு இனிஷியல் இல்லை, இறப்புச் சான்றில் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி மறுபடி ஏற்றினான். அதன் பிறகு மூச்சே இல்லை.

நான் நாலு முறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. ஒருவர் நாற்காலி எடுத்துப் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் பக்கத்து ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர் மேசையில் அடங்கல் என்கிற பயிர்க் கணக்குச் சான்றுக்கு நிற்கிறவர்களே இருபது பேர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "பாக்குறோம்மா", "மேல அனுப்பியாச்சு", "அடுத்த வாரம் வந்து பாருங்க". அடுத்த வாரம் என்றால் எந்த நாள் என்று கேட்டால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர். ஏழாவது நடையாம். நீங்கள் கேட்டீர்களா ஐயா என்றேன். "எப்ப வரணும்னு கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு கேக்குறதில்ல பாப்பா" என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஒருவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். 5,000 கொடுத்தால் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும் என்றார். நாலு மாதத்தில் எங்கள் காதில் விழுந்த முதல் கிழமையின் பெயர் அதுதான். லஞ்சம் கொடுத்து நாம் வாங்குவது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பட்டா எப்படியும் நமக்கு உரியது. காசுக்கு விற்கப்படுவது அந்த வெள்ளிக்கிழமை. நாங்கள் கொடுக்கவில்லை.

இடையில் இன்னொன்று. விசாரணையின்போது ஒருவர் தம்பியிடம், "பொம்பளப் புள்ள வெளிநாட்டுல நல்லாத்தானே இருக்கு, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடுங்களேன், சுலபமா முடியும்" என்றார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க. என் பங்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்கிற பத்திரம் அது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று கலைஞர் ஆட்சியில் 1989-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசு 2005-இல்தான் அங்கே வந்து சேர்ந்தது. 36 வருஷம் கழித்தும் ஒரு மேசையில் அதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நான் வாய் திறக்கும் முன்னே தம்பி சொன்னான்: "அக்கா பேரும் இருக்கட்டும் சார். அப்பா இருந்தா அப்படித்தான் சொல்லுவாரு."

இனி நெல். தம்பி குறுவைக்கு கோ 51 ரகம் போட்டிருந்தான், நூற்றுப் பத்து நாள் பயிர். மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து, நடவாகி, கதிர் வாங்கி, அறுத்து, டிபிசி என்கிற நெல் கொள்முதல் நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டது. அதே வாரத்தில் கிளம்பிய பட்டா மனு இன்னும் வரவில்லை. ஆனால் நெல்லும் அங்கே வந்து நின்றது. டிபிசி வாசலில் ரோட்டோரமாக எங்கள் குவியலுக்கு முன்னால் பதினாலு குவியல். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, போன எடையே இன்னும் கிடங்குக்குப் போகவில்லை. 2025-26 பருவத்துக்கு அரசு குவிண்டாலுக்குச் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் தந்தது. நல்ல விலை, மறுப்பதற்கில்லை. ஆனால் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்த நெல் பத்து நாள் ரோட்டில் கிடந்து மழையை வாங்கினால் ஈரம் ஏறாதா? அந்த ஈரம் யாருடைய தப்பு?

அக்டோபர் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் அம்மாவும் நானும் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துப் போனோம். அம்மா படுதாவைத் தூக்கி, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். "சுடுதுடி" என்றார். நானும் விட்டுப் பார்த்தேன். வெளியே சில்லென்று காற்று. உள்ளே சோற்றுப்பானையில் கை வைத்தது போல வெந்து கிடந்தது நெல். ஒரு பிடி எடுத்தபோது, மணியின் நுனியில் ஊசி முனை அளவுக்கு வெள்ளையாக முளை. நாலு ஆள் பிடித்து நனைந்ததைத் தனியாகப் பிரித்து, மீதியைக் கிளறி விட்டோம். பதினோராவது நாள் எடை போட்டார்கள். 40 கிலோ மூட்டைக்கு 40 ரூபாய் தம்பி கொடுத்திருக்கிறான். என்னிடம் ராத்திரிதான் சொன்னான். "பட்டா காத்திருக்கும்க்கா. நெல்லு காத்திருக்காது." நான் அவனைத் திட்டவில்லை.

டெல்டாக்காரர்களுக்குத் தேதியின் அருமை தெரியும். மேட்டூர் ஜூன் 12 என்றால் விதை எப்போது, நாற்று எப்போது, நகை அடகு எப்போது என்று எல்லாம் அதை வைத்துத்தான். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் 2 ஆனது. அந்த வருஷங்களில் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று ஊரில் கேட்டால் வீடு வீடாகச் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் காவிரியில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கு மாதவாரியாகத்தான் நிற்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. எந்த மாதம் எவ்வளவு என்று இருப்பதால்தான் பாக்கி எவ்வளவு என்று கேட்க முடிகிறது. ஒரு நதிக்குச் சாத்தியமானது ஒரு பட்டாவுக்குச் சாத்தியமில்லையா?

மத்தியப் பிரதேசம் 2010-லும் பிஹார் 2011-லும் சேவை பெறும் உரிமைச் சட்டம் போட்டுவிட்டன. இந்தச் சான்று இத்தனை நாளில் தர வேண்டும், தவறினால் அதிகாரிக்கு அபராதம். கர்நாடகத்தில் சகாலா என்று நடக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தை 1997-லேயே நாட்டில் முதலாவதாகக் கொண்டுவந்த தமிழ்நாட்டில், இது இன்னும் இல்லை. 2026-இல் சட்டமன்றத் தேர்தல். வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் சேர்த்தாலும் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். என்னால் வர முடியுமா என்பது லீவைப் பொறுத்தது. அம்மாவும் தம்பியும் போடுவார்கள். எங்கள் தெருவுக்கு யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு சட்டத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸும் மாத்திரையும் கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது முடியாததில்லை.

அக்டோபர் 17-ஆம் தேதி, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் பட்டா மனு எந்தெந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். விரைவுத் தபாலில், ஒப்புகையோடு. தபால்கார அக்கா நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்லி முத்திரை குத்தினார்.

சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாதக் காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கி, விரல் விட்டு எண்ணினார். நவம்பர் 17-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மாத்திரைக்காரப் பெண் வரும் நாளுக்கு ஏற்கெனவே போட்டிருந்த வட்டத்துக்குக் கீழே, அதே பேனாவால்.