பெரியாஸ்பத்திரி, புதுக் கல்லூரி, தோப்பூர், உசிலம்பட்டி: அடுத்த ரூபாய் எங்கே போக வேண்டும்?

மதுரை வட்டாரத்தில் அரசு மருத்துவ விரிவாக்கம் என்று ஒரே பெயரில் பேசப்படுவது உண்மையில் நான்கு தனித்தனி வேலைகள். பெரியாஸ்பத்திரி என்று ஊர் அழைக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை மேலும் பெருக்குவது முதலாவது. பக்கத்து மாவட்டங்களின் தலைமை மருத்துவமனைகளைக் கல்லூரிகளாக்குவது இரண்டாவது. தோப்பூரில் வெறும் நிலத்திலிருந்து எய்ம்ஸ் எழுப்புவது மூன்றாவது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் மாதிரி ஊர்களின் மருத்துவமனைகளுக்கு ஆளும் கருவியும் கொடுத்து நிமிர்த்துவது நான்காவது. பணம் வருகிற வழி, ஆள் எடுக்கிற முறை, மாணவர் சேர்கிற விதம், பலன் கைக்கு வர ஆகும் காலம் என எல்லாமே நான்கிலும் வேறு வேறு. ஒன்றுக்குச் சொல்லும் நியாயத்தை இன்னொன்றுக்குப் பொருத்தினால் கணக்கு தப்பிப்போகும்.

வேகத்தை ஒப்பிட ஒரு நாளே போதும். 2019 ஜனவரி 27 அன்று மதுரை வந்த பிரதமர் மோடி பெரியாஸ்பத்திரியின் உயர் சிறப்பு சிகிச்சைக் கட்டடத்தைத் திறந்தார். தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல்லும் அன்றுதான் நாட்டினார். முதலாவது 150 கோடி ரூபாய்த் திட்டம்: மத்திய அரசு 120 கோடி, மாநிலம் 30 கோடி. நோயாளி, செவிலியர், மருந்துக் கிடங்கு, ரத்த வங்கி எல்லாம் ஏற்கெனவே பக்கத்தில் இருந்ததால் கட்டடம் முடிந்ததும் வேலையைத் தொடங்க முடிந்தது. எய்ம்ஸ் 2015 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் 1264 கோடி ரூபாய்க்கு ஒப்புதலானது. பிறகு மதிப்பீடு 1977.8 கோடியாக ஏறியது, அதில் பெரும்பகுதிக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன் வந்தது, முழு வீச்சில் கட்டுமானம் தொடங்கியது 2024-இல். முதல் 50 மாணவர்களுக்கு 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரியும் அதே ஆண்டுதான் 100 மாணவரோடு தொடங்கியது. ஒரே மாவட்ட மருத்துவமனை வார்டுகளை நம்பி இரண்டு கல்லூரிப் பிள்ளைகள்.

எய்ம்ஸ் வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. அதன் பெரிய பலம் சம்பளச் செலவு முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு என்பது. மாநிலக் கருவூலத்தைத் தொடாமல் தென் மாவட்டங்களுக்கு இவ்வளவு பெரிய மருத்துவமனை கிடைக்க வேறு வழி இல்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். இடங்கள் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. எய்ம்ஸ் இடங்கள் முழுவதும் அகில இந்தியக் கலந்தாய்வில் நிரம்பும். அங்கே மாநில ஒதுக்கீடு கிடையாது, 69 சதவீத இட ஒதுக்கீடு கிடையாது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதமும் கிடையாது. விருதுநகர் அரசுக் கல்லூரியின் 150 இடங்களில் 15 சதவீதம் போக மற்றதெல்லாம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. பேரையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவிக்குத் தோப்பூர் கிட்டத்தில் இருக்கலாம். அவளுக்குக் கதவு திறந்திருப்பது விருதுநகரில்.

அந்தப் புதுக் கல்லூரிகளுக்கு வருவோம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசுக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மொத்தம் 1450 இடங்கள். நம் சுற்றுவட்டாரத்தில் விருதுநகருக்கும் திண்டுக்கல்லுக்கும் 150, ராமநாதபுரத்துக்கு 100. கல்லூரி ஒன்றுக்கு 325 கோடி மதிப்பீடு, அதில் 60 சதவீதமான 195 கோடி மத்தியப் பங்கு. 11 கல்லூரிக்கும் சேர்த்து மத்திய அரசு தந்தது 2145 கோடி. மொத்தச் செலவு ஏறத்தாழ 4000 கோடியைத் தொட்டது. மிச்சம் மாநிலத்தின் கையிலிருந்து. இதெல்லாம் ஒருமுறைச் செலவு. பேராசிரியர் முதல் தூய்மைப் பணியாளர் வரை மாதாமாதம் போகும் சம்பளம் மாநிலத்துடையது.

150 இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 605 படுக்கையும் 114 ஆசிரியர்களும் வேண்டும். 100 இடத்துக்கு 420 படுக்கை, 85 ஆசிரியர். படுக்கையை மூன்று ஆண்டில் போட்டுவிடலாம். உடற்கூறியலுக்கும் தடயவியலுக்கும் மதுரையை விட்டுத் தள்ளி இருக்கும் ஓர் ஊருக்கு ஆசிரியரைக் கொண்டுவந்து அங்கேயே இருக்கவைப்பதுதான் கஷ்டம். முன்பெல்லாம் ஆய்வுக்குழு வரும் வாரத்தில் பழைய கல்லூரியிலிருந்து ஆட்களை மாற்றி அனுப்பி எண்ணிக்கை காட்டுவது வழக்கம். ஆதார் வழி வருகைப்பதிவும் முகப்பதிவும் வந்தபின் அந்த வழி அடைபட்டுப்போனது. காலிப் பணியிடம் காலியாகவே கண்ணுக்குத் தெரிகிறது. இது நல்லதுதான், ஆனால் பழைய கல்லூரியிலிருந்து ஆளை எடுத்துப் புதுக் கல்லூரியை நிரப்பினால் பெரியாஸ்பத்திரியில் ஒரு யூனிட் இளைக்கும் என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

புதுக் கல்லூரி மருத்துவமனையின் இரவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பெரியாஸ்பத்திரி ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடுகிறதென்றால் பி.ஜி. எனும் மேற்படிப்பு மாணவர்களும், எம்.பி.பி.எஸ். படித்து முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களும்தான் காரணம். ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போவது, கேஸ் ஷீட் எழுதுவது, டிரிப் போடுவது, மூத்தவரை எழுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பது எல்லாம் அவர்கள் கையில். புதுக் கல்லூரிக்கு முதல் நான்கரை ஆண்டும் ஹவுஸ் சர்ஜன் இருக்கமாட்டார்கள், ஏனென்றால் முதல் பேட்ச் அப்போதுதான் படித்து முடிக்கும். பி.ஜி. இடங்களும் உடனே வராது, துளித்துளியாகவே கிடைக்கும். ஆக, பெயர்ப்பலகை 'மருத்துவக் கல்லூரி மருத்துவமனை' என்று மாறிய மறுநாளிலிருந்து மக்கள் எதிர்பார்ப்பு ஏறுகிறது, இரவுப்பணி ஆள் பலம் அப்படியே கிடக்கிறது. விளைவு பழைய வாசகம்தான்: "மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க." இது அந்த ஊர் மருத்துவர்களின் குறையே இல்லை. திட்டத்தின் கால அமைப்பிலேயே இருக்கிற பள்ளம்.

பழைய கல்லூரியில் இடங்களைக் கூட்டுவது செலவில் சிக்கனம். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தில் ஒரு இடத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரம்பு. நாடு முழுதும் 5000 பி.ஜி., 5023 எம்.பி.பி.எஸ். இடங்கள். புதுக் கல்லூரியில் 150 இடம் என்று வைத்தாலே ஒரு இடத்துக்கு 2.17 கோடி ஆகிறது. ஆனால் 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏற்கெனவே 250. ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்றால் கடைசியில் நிற்பவருக்கு இதய ஒலி கேட்பதில்லை. இங்கே எம்.பி.பி.எஸ். கூட்டுவது தேவையில்லாத வேலை. கூட்டவேண்டியது பி.ஜி. இடங்கள், அதிலும் மயக்கவியல், அவசர மருத்துவம், கதிரியக்கவியல். பெரியாஸ்பத்திரியில் ஜைக்கா கடனுதவியில் எழுந்த டவர் பிளாக்கில் அறுவை அரங்குகள் பெருகியிருக்கின்றன. அரங்கு பெருகினால் மயக்க மருத்துவர் தேவையும் அதே விகிதத்தில் ஏறும். அடுக்குமாடிக்கு இன்னொரு தலைவலி லிப்ட். கட்டில் போகும் லிப்ட் ஒன்று பழுதானால் அன்றைய அறுவைப் பட்டியலே பின்னுக்குப் போகும். பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கட்டட டெண்டரோடே சேர்த்துப் போடாத இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

நான்காவது வழிக்குத்தான் விளம்பரம் குறைவு. மதுரை நகரில் கல்லூரி மருத்துவமனை இருப்பதால் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி உசிலம்பட்டிக்குப் போயிருக்கிறது. தேனிக்குப் பெரியகுளம், சிவகங்கைக்குக் காரைக்குடி என்று அங்கேயும் இதே ஏற்பாடு. கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். உசிலம்பட்டி மாதிரி மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரகநலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். கோப்பும் பணியிடமும் வேறு வேறு என்பதால் ஒரு பக்கம் உபரி இருந்தாலும் மறுபக்கம் எளிதில் நகராது.

உசிலம்பட்டி மாதிரி இடத்தில் 24 மணி நேரமும் சிசேரியன் செய்ய எத்தனை மயக்க மருத்துவர் வேண்டும்? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் பார்த்தால் மூன்றரை பேர். விடுப்பு, நீதிமன்றச் சாட்சி, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால் பகலில் சீமாங் சென்டர் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையம்), ராத்திரியில் 108 வண்டி நிற்கும் இடம். சுமார் 40 கிலோமீட்டர் தூரம், பிரசவ ரத்தப்போக்கோடு போகும் பெண்ணுக்கு நீண்ட தூரம்.

ரத்தமும் அப்படித்தான். தாலுகா மருத்துவமனைகளில் பெரும்பாலும் ரத்த வங்கி இருக்காது, ரத்தச் சேமிப்பு மையம் இருக்கும். அதாவது தாய் வங்கியிலிருந்து சில பைகள் வாங்கி வைக்கும் ஒரு குளிர்பெட்டி. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சிவப்பணுவைக் கெடாமல் காக்கும் சேர்ப்புக் கரைசல் கலந்த பை 42 நாள் தாங்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் மாறும் இடைவெளியில் பெட்டி தாங்குமா, வெப்பப்பதிவுத் தாள் தினமும் பார்க்கப்படுகிறதா, எச்சரிக்கை மணி அடித்தால் ராத்திரியில் யார் காதில் விழும் என்பதில்தான் அந்த மையம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். பெட்டி வாங்குவது சுலபம், லேப் டெக்னீஷியனுக்கு இரவுப் பணியிடம் போடுவதில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள்.

2021-இல் ஊருக்கு ஊர் வைத்த ஆக்சிஜன் உற்பத்தி இயந்திரங்களின் பாடமும் இதுதான். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் ஈரம் பட்டால் கெட்டுவிடும். ஓடாமல் நிறுத்தியே வைத்தால் ஈரம் ஏறும், 93 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டிய தூய்மை இறங்கிவிடும். முறையாக ஓட்டி, வடிகட்டி மாற்றி, தூய்மையை அளந்து எழுத ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள் இல்லாத இடத்தில் இயந்திரம் வெறும் இரும்பு.

தாலுகா மருத்துவமனைக்கு எல்லை உண்டு. நாற்கரச் சாலையில் தலையில் அடிபட்டவரைத் திருமங்கலத்தில் வைத்து நேரம் கடத்தக்கூடாது; மூச்சுப்பாதையைக் காத்து, ரத்தப்போக்கை நிறுத்தி, நேரே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் சாதாரணக் குடல்வால், கால் எலும்பு முறிவு, சிக்கலில்லாத சிசேரியன் எல்லாம் ஊரிலேயே முடிந்தால்தான் பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் அறுவை அரங்கு தன் வேலையைப் பார்க்க முடியும்.

ஆளுக்கு எங்கே போவது? தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டாண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது: மயக்கவியல், மகப்பேறு, குழந்தை மருத்துவம் உட்படப் பல துறைகள். எம்.பி.பி.எஸ். இடம் ஒன்று சிறப்பு மருத்துவராகக் கனிய ஐந்தரை ஆண்டும் அதன்மேல் மூன்று ஆண்டும் ஆகும். டிப்ளமோ மாணவர் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே இரவுப் பணியில் நிற்பார். இடறும் இடம் ஒன்றே: கற்பிக்கும் மூத்த மருத்துவர் மாறுதலில் போனால் படிப்பு ஆட்டம் காணும். ஆகவே டிப்ளமோ நடக்கும் துறைகளின் மூத்தவர்களுக்கு மூன்று ஆண்டு மாறுதல் இல்லை என்ற உத்தரவு முதலில் வரவேண்டும். விண்ணப்பம் அதற்கு அடுத்தது, கட்டட டெண்டர் கடைசி. உசிலம்பட்டியில் மயக்கவியலுக்கு ஆண்டுக்கு இரண்டு டிப்ளமோ இடம் கிடைத்தாலே இரண்டாம் ஆண்டில் நான்கு பேர் பணிப்பட்டியலில் இருப்பார்கள். மூத்தவர் அழைக்கும் தூரத்தில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் எழுதலாம்.