'டர்ர்ர்': பிபி மிஷினோடு நான்கு வருடம்

போன வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து என் பள்ளித் தோழி வாட்ஸப்பில் கேட்டாள். "பிபி மிஷின் வாங்கலாம்னு இருக்கேன். உன்கிட்ட ரொம்ப நாளா இருக்கே, நல்லா இருக்காடி?" பதில் அடிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம், பதில் முடியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாள் முழுக்க ஊரார் மனுக்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். என் மனுவையும் ஒருமுறை முழுசாக அடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மிஷின் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் மூன்று எண் காட்டும் வகை. 2021 கடைசியில் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் திட்டு முழுக்க அவர்களுக்குப் போய்விடும். பாதி எனக்குச் சேர வேண்டியது, ஏன் என்று பிறகு தெரியும்.

பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை மேஜையிலிருந்து விழுந்திருக்கிறது, ஒருமுறை அதன்மேல் ரசம் கொட்டியிருக்கிறது. இன்னும் உயிரோடு இருக்கிறது. நாலு பேட்டரி போட்டால் நாலைந்து மாதம் ஓடும். என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்தப் பட்டைமேல்தான்.

வாங்கி ஏழாவது மாதமே ஆரம்பித்தது. காற்று ஏறும், கை இறுகும், திரையில் எண் 150, 160 என்று ஓடும். நான் கண்ணை மூடிக்கொண்டு அமைதியே உருவாக உட்கார்ந்திருப்பேன். திடீரென்று 'டர்ர்ர்' என்று ஒட்டுப்பட்டை பிரிந்து, மேலிருந்து பல்லி விழுந்த மாதிரி பொத்தென்று மடியில் விழும். நெஞ்சு படபடக்கும். மறுபடி கட்டினால் அந்தப் படபடப்பையும் சேர்த்து அளந்து காட்டும். அதைப் பார்த்துக் கோபம் வரும். மூன்றாவது முறை கட்டினால் கோபத்துக்கும் கணக்கு வரும்.

கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். மிஷினுக்கு ஐந்து வருட வாரண்டியாம், பட்டைக்கு ஒரு வருடம்தானாம், அதிலும் தேய்மானம் சேராதாம். ஏழு மாதத்தில் தேய நான் என்ன அதைக் கட்டிக்கொண்டு மூட்டையா தூக்கினேன்? புதுப் பட்டை 800 ரூபாய் என்றார்கள். மிஷின் விலையில் கிட்டத்தட்டப் பாதி. போனை வைத்துவிட்டு எங்கள் தெருமுனை டைலர் தம்பியிடம் கொண்டுபோனேன். பள்ளிக்கூடப் பைக்குப் போடும் அகலமான ஒட்டுப்பட்டை வைத்து, இரட்டைத் தையல் அடித்து, 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். "இனிமே யானை இழுத்தாலும் பிரியாதுக்கா" என்றார். அவர் சொன்னது பலித்தது. பட்டை பிரியவே இல்லை, என் பிபிதான் ஏறிக்கொண்டே போனது.

152/94. 148/92. 155/96. பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு எழுதிவந்தேன். ஏற்கெனவே தினம் ஒரு மாத்திரை போடுகிறவள். சரி, அளவைக் கூட்டிவிடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அங்கே அளந்தால் 138/86. டாக்டர் என் டைரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வழக்கமா இங்க வந்ததும் பயத்துல ஏறும், வீட்டுல இறங்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கே. அடுத்த முறை மிஷினை எடுத்துட்டு வாங்க."

எடுத்துப் போனேன். அவர் மிஷினைத் தொடவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து தையல் டேப்பை எடுத்து, என் தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை எடுத்தார். 35 செ.மீ. அப்புறம் பட்டையைத் திருப்பி, ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார். 22–32 செ.மீ.

ஒன்றரை வருடமாக அந்த வரி என் கையிலேயே சுற்றியிருந்திருக்கிறது. ஊரார் மனுவில் ஒற்று விட்டுப்போனால் தூரத்திலிருந்தே பிடிக்கிற கண் இது.

விஷயம் இதுதான். பட்டைக்குள் காற்று ஏறும் ரப்பர் பை ஒன்று இருக்கிறது. அது கையின் சுற்றளவில் முக்கால் பாகத்துக்கு மேல், சுமார் 80 சதவீதம் வரை தழுவ வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் ரத்தக்குழாயை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும். அந்தக் கூடுதலையும் மிஷின் நம் கணக்கில்தான் எழுதும். ஒல்லிக் கையில் பெரிய பட்டை கட்டினால் நேர்மாறு, குறைத்துக் காட்டும். பட்டை ஏழு மாதத்தில் பிய்ந்ததற்கும் காரணம் இதுவே. ஒட்டுவதற்கு விளிம்பில் இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சியது, அதன்மேல் அத்தனை அழுத்தம். 'டர்ர்ர்' என்று அது ஒவ்வொரு முறையும் "உன் கைக்கு நான் பத்தமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் 60 ரூபாய் கொடுத்து அதன் வாயைத் தைத்துவிட்டேன்.

அன்றைக்கு அங்கேயே பெரிய பட்டை கட்டிப் பார்த்ததில் 136/86. வீட்டில் அளப்பதற்கு 135/85 வரம்பு, ஆஸ்பத்திரியில் 140/90 வரம்பு என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மாத்திரையைக் கூட்டவில்லை. "ஒரு வாரம் சரியான பட்டையில அளந்து கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். வெளியே வந்ததும் நிம்மதிக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. ஜாக்கெட் வாங்கப் போனால் சைஸ் கேட்கிறார்கள், செருப்புக்குக் கேட்கிறார்கள், வளையலுக்குக்கூடக் கேட்கிறார்கள். ஒருவர் ஆயுசு முழுக்க மாத்திரை போடுவதைத் தீர்மானிக்கிற சாமானை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய பட்டைக்கு 950 ரூபாய் தனியாக அழுதேன். அதுவும் அதே கம்பெனியிடம். வேறு பட்டை இந்த மிஷினுக்குச் சேராதாம்.

நான் பட்ட பாட்டை டைலர் தம்பியிடம் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அப்ப மிஷின் சத்தத்தைக் கேட்டு அளக்கலையாக்கா?" இல்லை. காதில் கருவி வைத்து டாக்டர்கள் கேட்பது 1905இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் கண்டு சொன்ன சத்தம். நம் வீட்டு மிஷினுக்குக் காது கிடையாது. பட்டைக்குள் காற்று இறங்கும்போது ரத்தக்குழாயின் துடிப்பால் வரும் சின்னச் சின்ன அதிர்வைத்தான் அது பிடிக்கிறது. அதிர்வு உச்சத்துக்குப் போகும் இடம் சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் தன் சூத்திரம் போட்டுக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஆக, நம் உடம்புக்கும் மிஷினுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்துவது அந்தப் பட்டை ஒன்றுதான். அதில் கோளாறு என்றால் பெட்டி எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன.

பட்டையைப் பற்றி இன்னொன்று. நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் தனிப் பிரச்சினை உண்டு. ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கும். அதைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே இன்னொரு பட்டை. ஆகவே காலையில் நைட்டியோடு, குளிப்பதற்கு முன்னால், மாத்திரைக்கு முன்னால், காபிக்கும் முன்னால் அளந்துவிடுகிறேன். காபி உள்ளே போனால் அரை மணி காத்திருக்க வேண்டும், அது என்னால் முடிகிற காரியமில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்த சூட்டோடு ஒருநாள் கட்டிப் பார்த்து, அந்த எண்ணில் மிரண்டு, நடையையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தவள் நான். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தாலும் ஏறும். கால்மேல் கால் போட்டாலும், கையைத் தொங்கவிட்டாலும் ஏறும்.

திட்டுவதற்கு நடுவில் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, சும்மா உட்கார வேண்டும். அளக்கும்போது பேசக்கூடாது. பக்கத்தில் இருக்கிறவர்களும் நம்மிடம் பேசக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை. ஆக, எட்டு நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் ஊரடங்கு. டிவி கிடையாது, "டிபன் பாக்ஸ் எங்கே" கிடையாது. கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் வாயே திறக்காமல் இருப்பதை இந்த மிஷின் வந்துதான் பார்த்தேன். அத்தை இதை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார். எழுபத்தொன்பது வயது. அம்மாவும் பிள்ளையும் வாக்குவாதத்தில் இறங்கி, அவர் தோற்கிற கட்டம் வந்தால், "ஏம்மா, அந்த மிஷினைக் கட்டு" என்று கையை நீட்டிவிடுவார். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போவார். அத்தைக்கு எண் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

மிஷினில் பழைய கணக்கு நிற்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் தேதியோடு பின்னால் போகலாம். மே மாதம் கோர்ட் விடுமுறையில் என் எண்கள் சாதுவாக இருக்கின்றன. ஞாயிறு இரவுகள் கொஞ்சம் எகிறியிருக்கின்றன. ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் முதுநகர் கருவாடு. உப்பு மொத்தமே ஒரு நாளைக்கு ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வாளைக் கருவாட்டுக் குழம்பு அந்தக் கணக்கைத் தட்டிலேயே முடித்துவிடும். கருவாடுதான் குற்றவாளியா, ஞாயிற்றுக்கிழமை துணி, பாத்திரம், விருந்தாளி எல்லாம் சேர்ந்தா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாதத்தில் நாலு ஞாயிறை இரண்டாக்கியிருக்கிறேன். அத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ரிப்பேர். அத்தை கை 24 செ.மீ. அவருக்கு அந்தப் பழைய, யானை இழுத்தாலும் பிரியாத பட்டை கச்சிதம். எனக்குப் புதுசு. தினமும் காலையில் ஒன்றைக் கழற்றி ஒன்றைச் சொருகி, கழற்றிச் சொருகி, குழாய் சேர்கிற வாய் தளர்ந்துவிட்டது. போன மாதம் 'உஸ்ஸ்' என்று காற்று கசிய ஆரம்பித்தது. காற்று ஏறவே ஏறாது, திரையில் 'இ' என்ற ஆங்கில எழுத்து வந்து நிற்கும். மறுபடி சேவை எண்ணா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சொருகு முனையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கசிவு நின்றது. ஆனால் குழாய் மராமத்து செய்த மிஷினை நம்பலாமா? அத்தைக்கு மாத்திரை கொண்டுவரும், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் பெண் வந்தபோது, அவர் மிஷினிலும் எங்கள் மிஷினிலும் ஐந்து நிமிட இடைவெளியில் அத்தைக்கு அளந்து பார்த்தோம். நாலு எண்தான் வித்தியாசம். "பரவால்லையேக்கா" என்றார். கம்பெனிக்காரனுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு வெள்ளை டேப்புக்குப் போனது.

இவ்வளவு எழுதிவிட்டு மதிப்பெண் என்ன என்றால், ஐந்துக்கு இரண்டு. நேற்றுக் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே, எழுதிய கோபம் எவ்வளவு என்று பார்க்கலாமே என ஒருமுறை கட்டிப் பார்த்தேன். 151/93 காட்டுகிறது. பேசக்கூடாது என்றார்களே தவிர, எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே, முத்தியால்பேட்டைக்காரியே, நீ வாங்காதே. உன்னை எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு இருபது தடவை கட்டிப் பார்த்து, இருபது தடவையும் எனக்குப் போன் போடுவாய். தையல் டேப்பால் கையை அளந்து எத்தனை செ.மீ. என்று மட்டும் அனுப்பு. இரண்டு பட்டையில் ஒன்று சேரும். அடுத்த ஞாயிறு பஸ் ஏறி வந்து கருவாடு சாப்பிட்டுவிட்டு என் மிஷினையே எடுத்துக்கொண்டு போ, ஒரு வாரம் காலையிலும் ராத்திரியிலும் அளந்து எழுதி உன் டாக்டரிடம் காட்டு. ஆனால் மறு ஞாயிறே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் அத்தை தாங்கமாட்டார்.