எச்சரிக்கை: திறந்தவெளிக் கலைச் சந்தையில் கடைக்குப் பணம் கட்டுமுன்

ஓவியம், பிரிண்ட், மட்பாண்டம், கைவினை என்று எதையாவது சுமந்துகொண்டு வார இறுதிச் சந்தைகளில் கடை போடும் எல்லாருக்கும் இது. அண்மையில் சிங்கப்பூரில் ஒரு திறந்தவெளிச் சந்தையில் பலர் சேர்ந்து ஏமாந்தோம். விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போவதால் ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த வேலையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். நாளைக்கே வேறு பெயரில், வேறு திடலில் அதையே செய்ய முடியும்.

முதலில் பணக் கணக்கு. இரண்டு நாள் சந்தைக்குக் கடை வாடகை 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மின் இணைப்பு 40 வெள்ளி. இரண்டுக்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று 35 வெள்ளி 10 காசு. திருப்பித் தரப்படும் என்று சொல்லி வாங்கிய வைப்புத்தொகை 100 வெள்ளி. ஆக மொத்தம் ஒரு கடைக்கு 525 வெள்ளி 10 காசு. முழுத் தொகையும் முன்கூட்டியே, ஒரு கைப்பேசி எண்ணுக்கு, பேநவ் (கைப்பேசி வழி உடனே வங்கிப் பணம் அனுப்பும் முறை) வழியாக.

இதற்குக் கிடைத்தது என்ன? வரைபடத்தில் நடுப் பாதையை ஒட்டிக் காட்டிய கடை, வந்து பார்த்தால் உணவுக் கடைகளுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். முழுக் கூடாரம் என்று நினைத்தது பாதிக் கூடாரம். மழைக்கு எந்த ஏற்பாடும் இல்லை. வைப்புத்தொகை "துப்புரவுச் செலவுக்கு" என்று போயே போய்விட்டது. திங்கட்கிழமைக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை.

இதில் ஒவ்வொன்றையும் பணம் கட்டுமுன்பே கண்டுபிடித்திருக்கலாம். அதனால்தான் இந்தப் பதிவு.

வரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆண்டு வருவாய் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத தொழில்கள் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றில்லை. பதிவு செய்யாதவர்கள் அந்த வரியை வாங்கக்கூடாது, வாங்கினால் குற்றம். யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஏற்பாட்டாளர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கடைக்கு 35 வெள்ளி சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் வரியென்று பொய் சொல்லிப் பணம் வாங்கத் துணிந்தவர், கூடாரம் பறக்காமலிருக்க எடை கட்டுவார் என்று நம்ப முடியாது. விலைப்பட்டியலில் வரி இருந்தால் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, பணம் யாருக்குப் போகிறது என்பது. பதிவு பெற்ற தொழில் என்றால் யுஇஎன் என்ற தொழில் பதிவு எண் இருக்கும். அதைத் தொழில்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் போட்டால் தொழிலின் பெயரும், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதும் இலவசமாகத் தெரியும். 5 வெள்ளி 50 காசு கட்டினால் உரிமையாளர், பதிவு முகவரி எல்லாம் உள்ள விவரப் பட்டியல் கிடைக்கும். 500 வெள்ளி கட்டுமுன் இந்த ஐந்தரை வெள்ளியைச் செலவழிக்கத் தயங்காதீர்கள். பிறகு வழக்குப் போட வேண்டி வந்தாலும் இதே முகவரிதான் தேவைப்படும். தனியுரிமைத் தொழில் என்றால் உரிமையாளரே கடனுக்குப் பொறுப்பு; பிரைவேட் லிமிடெட் என்றால் நிறுவனம்தான் பொறுப்பு, அதன் பின்னால் இருக்கும் ஆள் இல்லை. இந்த வேறுபாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேநவ்வில் பணம் அனுப்பினால் யுஇஎன்னுக்கு அனுப்புங்கள். உறுதி செய்யுமுன் திரையில் தோன்றும் பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர்தானா என்று பாருங்கள். "நிறுவனக் கணக்கில் கோளாறு, என் சொந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்ற பேச்சு வந்தாலே விலகிவிடுங்கள். கடன் அட்டை வழி கட்ட வாய்ப்பிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கடை கிடைக்காமல் போனால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கும். பேநவ்வில் போனது போனதுதான்.

இதைவிட மோசமான வகையும் உண்டு: சந்தையே இருக்காது. பேர் பெற்ற ஒரு விழாவின் சுவரொட்டியை அப்படியே எடுத்து, இன்ஸ்டகிராமில் ஒத்த பெயரில் கணக்கு திறந்து, "கடைசி இரண்டு கடைகள்தான் மிச்சம், இன்றிரவுக்குள் பணம்" என்று டெலிகிராமில் அவசரப்படுத்துவார்கள். தீபாவளிக் காலம், ஆண்டு இறுதி, ஜனவரியில் கலை வாரம் வரும் நேரம் என்று எல்லாரும் கடை தேடும் பருவத்தில்தான் இது வரும். அந்த விழாவின் சொந்த இணையத்தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள், உங்களுக்கு வந்த செய்தியில் உள்ள எண்ணுக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

சந்தை உண்மையில் நடக்கிறதா என்று அறிய இன்னொரு நேரான வழி, இடத்தின் சொந்தக்காரரைக் கேட்பது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே உள்ள பொது இடம் என்றால் நகர மன்றம். பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். காலித் திடல் பெரும்பாலும் அரசு நிலம், அதற்கு சிங்கப்பூர் நில ஆணையம். "இந்தத் தேதியில் இந்த இடத்தை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும். உணவுக் கடைகளும் இருக்கும் தற்காலிகச் சந்தை என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதியும் வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலை ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் அன்றே அனுப்புவார். அனுமதியில்லாத சந்தையில் மேசை போட்டு விற்றால், அதிகாரிகள் வரும்போது பதில் சொல்ல வேண்டியது அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவர்.

இப்போது கூடாரம். அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

"ஒரு கடை" என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. வழக்கமான கூடாரம் 3 மீட்டருக்கு 3 மீட்டர். முழுதாகக் கிடைத்தால் பின்பக்கமும் இரு பக்கங்களும் சேர்த்து 9 மீட்டர் நீளத்துக்குப் படம் மாட்டலாம். இருவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு பக்கமும் பாதிப் பின்பக்கமும், அதாவது நாலரை மீட்டர். சிலர் "கடை" என்று சொல்வது வெறும் ஓர் ஆறடி மேசை. மாட்டச் சுவரே இருக்காது. எத்தனை மீட்டர், முழுதா பகிர்வா, பக்கத் துணிகள் உண்டா, மாட்டுவதற்குக் கம்பி வலை அவர்களுடையதா உங்களுடையதா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடை எண் போட்ட வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். "இடம் மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற வரி இருந்தால், மாற்றினால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

நடைபாதைத் தளத்தில் ஆணி அடிக்க முடியாது, ஆகவே கூடாரத்தைப் பிடித்து வைப்பது எடை மட்டுமே. ஒரு காலுக்குக் குறைந்தது 20 கிலோ. 25 லிட்டர் தண்ணீர்க் கேன் நிரப்பினால் ஏறக்குறைய 25 கிலோ; நாலு காலுக்கு நாலு கேன். கேனைக் காலுக்குப் பக்கத்தில் சும்மா வைப்பதில் பயனில்லை. காலோடு இறுகக் கட்டி, மேல்மூலையிலிருந்தும் ஒரு கயிற்றை இழுத்து அதில் முடிச்சுப் போடவேண்டும். காற்று கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும்போது, கட்டாத எடை தரையிலேயே இருக்கும், கூடாரம் மட்டும் போய்விடும். எங்கள் வரிசையில் ஒரு காலுக்கு ஒரு செங்கல் கூட இல்லை.

மழையைப் பற்றி யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. இந்த ஊரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். டிசம்பரில் நாள் கணக்கில் பெய்யும். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென வீசும் பலத்த சுமத்ரா காற்று இன்னும் ஆபத்து: ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் எப்போது வேண்டுமானாலும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கும். சனி இரவு படைப்புகளைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு ஞாயிறு வரலாம் என்று சொல்கிறார்களே, அந்த நேரத்தில்தான். காவலர் இருப்பார் என்பார்கள். காவலர் திருடனைப் பார்ப்பார், காற்றைப் பிடிக்கமாட்டார். இரவில் எதையும் விட்டுவராதீர்கள்.

நாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு கூடாரங்கள் ஒட்டி நிற்கும்போது இரு கூரைகளின் நீரும் நடுவே உள்ள இடுக்கில்தான் விழும். ஒழுங்கான ஏற்பாட்டில் அந்த இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் துணிக் காடி தொங்கும்; நீர் அதில் ஓடிப் பின்பக்கம் வடியும். கூடாரத்துக்குச் சில வெள்ளி செலவாகும் பொருள்தான் அது. அன்றைக்கு அது இல்லை. பிற்பகல் நாலு மணி மழையில் இரு கூரை நீரும் பக்கத் துணியின் மேல் இறங்கி, தையல் வழியாக உள்ளே கசிந்து, அந்தத் துணியில் மாட்டியிருந்த பிரிண்ட்களின் பின்னட்டையை முதலில் நனைத்தது. முன்பக்கம் கண்ணாடி பளபளவென்று இருந்ததால் பத்து நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் கண்ணாடிக்குள்ளேயே அலையலையாக எழும்பியது. ஒரே கடையில் 14 பிரிண்ட் போயிற்று. கூரைத் துணி தொய்ந்திருந்த இடத்தில் நீர் குளமாகத் தேங்கியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நின்றாலே 10 கிலோ. ஐந்து சென்டிமீட்டர் என்றால் 50 கிலோ. அந்தப் பாரத்தில் கூடாரச் சட்டத்தின் குறுக்குக் கம்பி வளைந்தது. கீழே நின்றவர்கள் ஒதுங்கியதால் யாருக்கும் காயமில்லை.

அதனால் கேட்கவேண்டிய கேள்விகள்: காடி உண்டா, எடை யார் பொறுப்பு, தரை எந்தப் பக்கம் சரிகிறது, மின்னல் எச்சரிக்கை வந்தால் யார் நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் வாடகையில் எவ்வளவு திரும்பும், கூடாரம் விழுந்து வாடிக்கையாளருக்கு அடிபட்டால் யாருடைய காப்புறுதி. எந்தக் கேள்விக்கும் "கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பது பதில் இல்லை. உங்கள் பங்குக்கு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெட்டிகளை வையுங்கள், பக்கத் துணிக்கும் படத்துக்கும் இடையே ஒரு கை இடைவெளி விடுங்கள், ஒவ்வொரு பிரிண்டையும் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

மின்சாரம்: 7 மணிக்கு மேல் இருட்டிவிடும், இரவுச் சந்தைக்கு விளக்கில்லாமல் ஓவியம் விற்காது. 10 வாட் எல்இடி ஆறு போட்டாலும் 60 வாட்தான். ஆனால் அதே ஜெனரேட்டரில் உணவுக் கடைகளின் பொரிப்பான்களும் இருந்தால், அவர்கள் சுவிட்சைப் போட்டதும் வரிசை முழுக்க அணையும். உணவுக்கும் கலைக்கும் தனி இணைப்பா என்று கேளுங்கள். சார்ஜ் செய்யும் விளக்கு இரண்டு கையோடு வைத்திருங்கள்.

மையக் கல்லா என்று ஒரு முறை இப்போது பரவுகிறது. எல்லாக் கடைகளின் விற்பனைப் பணமும் ஏற்பாட்டாளரின் கியூஆருக்குப் போகும்; கழிவு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத் தருவார்களாம். புதிய ஏற்பாட்டாளரிடம் இதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது எங்கள் கருத்து. உங்கள் கியூஆரை நீங்களே வையுங்கள். காலையில் ஒரு வெள்ளி அனுப்பிச் சோதியுங்கள், மேலே வேறு ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பாருங்கள். வாங்குபவர் தன் கைப்பேசியில் காட்டும் திரைப்பிடிப்பை நம்பி ஓவியத்தைக் கட்டிக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கி அறிவிப்பு வரட்டும். சில வங்கிகளில் சிறு தொகைக்கு அறிவிப்பு வராதபடி அமைப்பு இருக்கும், அதைக் குறைந்தபட்சத் தொகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கடை போட வரும் அண்ணன் அக்காமாருக்கு ஒரு வார்த்தை: "சுற்றுலா விசா போதும், எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்று ஏற்பாட்டாளர் சொல்வதை வைத்து விமானச்சீட்டு எடுக்காதீர்கள். மனிதவள அமைச்சையே கேளுங்கள். மாட்டிக்கொண்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

ஏமாந்தபின் என்ன செய்வது? பயனீட்டாளர் சங்கம் வாங்கி நுகர்பவர்களுக்கானது. கடை போடும் நாம் தொழில் செய்பவர்கள் என்பதால் அங்கே வழி குறைவு. நமக்குரியது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரையிலும் கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேசலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்கு, பயனீட்டாளர் அல்லாதவருக்குக் கட்டணம் 50 வெள்ளி. எல்லாவித ஒப்பந்தத்தையும் அந்த மன்றம் எடுத்துக்கொள்ளாது. பொருள் விற்பனையும் சேவையும் அதற்குள் வரும். ஆகவே வெறும் "இட வாடகை" என்று ஒரு வரியில் ரசீது வாங்காமல் கூடாரம், மேசை, மின்சாரம், விளம்பரம், காவல் என்று அவர்கள் தரும் ஒவ்வொரு சேவையையும் பெயர் சொல்லி எழுதவைப்பது பின்னால் கைகொடுக்கும். "எக்காரணத்துக்கும் பணம் திரும்பாது" என்று அச்சிட்டிருக்கிறதே என்று பயப்படவேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. தன் பக்கத் தவற்றுக்கும் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளும் வரி நியாயமானதுதானா என்று கேள்வி கேட்கலாம்.

சந்தையே இல்லாமல் பணம் போயிருந்தால் அது வேறு: உடனே வங்கியின் அவசர எண்ணை அழைத்து, காவல்துறையில் புகார் கொடுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

ஆதாரம் சேர்ப்பது கடையில் கால் வைத்த நிமிடத்திலிருந்து தொடங்கவேண்டும். காலிக் கடையின் நாலு பக்கத்தையும், அளவு நாடா பிடித்து ஒரு படமும், காலடியில் எடை இருக்கிறதா இல்லையா என்பதையும் எடுங்கள். குறையை வாயால் சொல்லாமல் அங்கிருந்தே செய்தியாக அனுப்புங்கள், நேரம் பதிவாகும். கடையைத் திருப்பி ஒப்படைக்கும்போதும் தரை சுத்தமாக இருப்பதைப் படமெடுங்கள். வைப்புத்தொகையைப் பிடிக்க அவர்கள் சொல்லும் முதல் காரணம் குப்பை. நனைந்த படைப்புகளைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படச் சட்டத்திலிருந்து கழற்றி, தாள்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைத்து, காற்றாடிக்குக் கீழே படுக்கப் போட்டுக் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம், ஈரமாக அடுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் தலைப்பு, விலை, முன்பு அதே பதிப்பு விற்ற ரசீது எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். மன்றத்துக்குப் படங்களை அனுப்பினாலும், அந்தப் பெட்டியையும் விசாரணை நாளில் கையோடு எடுத்துப் போங்கள்.