ஸ்பீடு போஸ்ட்: பார்சல் வழியில் சிக்கிக்கொண்டால் குமரி விற்பனையாளருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

வடசேரி கோயில் நகை, மார்த்தாண்டம் தேன், நேந்திரங்காய் சிப்ஸ், கருப்புக்கட்டி, கிராம்பு என்று குமரி மாவட்டத்திலிருந்து எதை ஆன்லைனில் விற்றாலும், தனியார் கூரியர் "அந்த பின்கோடுக்குப் போகாது" என்று கைவிரிக்கும் ஊருக்கும் ஸ்பீடு போஸ்ட் போகும். அந்த ஒரு விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பார்சல் தாமதமானால், காணாமல் போனால் என்ன கதி என்று பார்த்தால் மதிப்பெண் பாதியாகக் குறையும். மீதிப் பாதியை விற்பவர் கவுண்டரிலேயே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பணக் கணக்கு. உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட் தொலைந்தாலோ உள்ளிருக்கும் பொருள் சேதமானாலோ கிடைக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. தாமதமானால், கட்டிய கட்டணம் மட்டும் திரும்பும். 2500 ரூபாய் நெத்திச்சுட்டியை 80 ரூபாய் கட்டி அனுப்பி, அது தொலைந்துபோனால் கைக்கு வருவது 160 ரூபாய். பொருளின் விலை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. விலை திரும்ப வேண்டுமென்றால் காப்பீடு சேர்த்து புக் செய்ய வேண்டும். காப்பீட்டுத் தொகை பொருளின் உண்மை விலையைத் தாண்டக் கூடாது என்பதால் பில் நகல் கையில் இருக்கட்டும். நகைக்குக் காப்பீடு கட்டாயம் என்பேன். 300 ரூபாய் சிப்ஸுக்கு வேண்டாம், தொலைந்தால் இன்னொரு பாக்கெட் அனுப்பிவிடலாம்.

2025இல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் பதிவு (பெயருக்கு உரியவரிடமே கொடுப்பது), இன்னொரு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் ஓடிபி டெலிவரி (வாங்குபவர் மொபைலுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் கொடுப்பது). சிறு விற்பனையாளருக்கு இந்தச் சேவையில் கிடைக்கும் மிக நல்ல பேரம் இந்த ஓடிபிதான். "டெலிவர்டு என்று காட்டுகிறது, எனக்கு வரவில்லையே" என்ற தகராறு பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். வாங்குபவரின் மொபைல் எண் சரியாக ஏறியிருந்தால்தான் ஓடிபி போகும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று: அக்டோபரில் மாற்றி அறிவித்த கட்டண அட்டவணை ஆவணங்களுக்கானது. பார்சலுக்கு அதைப் பார்த்து ஷிப்பிங் விலை போட்டால் கைக்காசு போகும்.

கவுண்டரை விட்டு நகரும் முன் ரசீதில் அச்சாகியிருக்கும் பின்கோடை, பெட்டி மேல் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்சல் தடம் மாறுவது பல நேரம் இந்த இடத்தில்தான். கோயம்புத்தூரின் 641 தட்டச்சில் 614 ஆகிவிட்டால் பெட்டி மன்னார்குடிப் பக்கம் போய்விடும். முகவரியில் கோவை என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் பிரிப்பது பின்கோடை வைத்துத்தான். அப்படிப் போன பெட்டி யாராவது கவனித்துத் திருப்பிவிடும் வரை அங்கேயே கிடக்கும். ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணையும் போட்டோவாகவே வாங்குபவருக்கு அனுப்புங்கள். கையால் தட்டினால் தப்பு வரும். அதன் ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் முதல் எட்டையும் சரிபார்க்கும் இலக்கம். ஆகவே ஒரு எண் மாறினாலும் டிராக்கிங்கில் எதுவும் வராது, வாங்குபவர் பார்சலே அனுப்பவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

நம் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜெல் பேனாவில் எழுதிய முகவரி ஒரு சாரலில் கரையும். முகவரிச் சீட்டு முழுவதையும் அகல டேப்பால் மூடி, இரு முகவரிகளும் மொபைல் எண்ணும் எழுதிய இன்னொரு சீட்டைப் பெட்டிக்குள் போடுங்கள். வெளி முகவரி அழிந்த பார்சலை அஞ்சல் துறை பிரித்துப் பார்ப்பதே அனுப்பியவரைக் கண்டுபிடிக்கத்தான். உள்ளே சீட்டு இல்லையென்றால் அதற்கு உரிமையாளரே கிடையாது. தேன் அனுப்புபவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மூடி லேசாகக் கசிந்தாலும் தன் முகவரியையும் அழித்து, அதே பையில் இருக்கும் அடுத்தவர் தபாலையும் கெடுக்கும். கண்ணாடிக்குப் பதில் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், வாயில் ஃபாயில் சீல், மூடி சுற்றி டேப், பிறகு இரண்டு பிளாஸ்டிக் உறை. பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், வெயிலில் தேன் விரிந்து மூடியைத் தள்ளும்.

இனி டிராக்கிங். "பேக்டு" (Bagged) என்று காட்டிவிட்டு அப்படியே நின்றால் உடனே பதற வேண்டாம். பெட்டி ஒரு பைக்குள் போய் பை கட்டப்பட்டுவிட்டது, வழியில் பையைத்தான் ஸ்கேன் செய்வார்கள். அடுத்த ஊரில் பையைப் பிரித்தால்தான் உங்கள் எண் மறுபடி தலைகாட்டும். சென்னைக்கு மூன்று வேலை நாள், வட மாநிலங்களுக்கு ஏழு வேலை நாள் அசைவே இல்லையென்றால் புகார் போடலாம். "டோர் லாக்டு" என்றால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஏழு நாள்தான் அஞ்சலகத்தில் இருக்கும், பிறகு திரும்பிவிடும். வாங்குபவருக்கு இப்படி ஒரு வரி போதும்: "அக்கா, பார்சல் உங்க ஏரியா போஸ்ட் ஆபீஸ்ல இருக்கு. இந்த நம்பரையும் ஆதாரையும் காட்டி வாங்கிக்கிடுங்க, இல்லன்னா திரும்பி வந்துரும்."

புகாரை இந்தியா போஸ்ட் இணையதளத்திலோ 1800 266 6868 என்ற இலவச எண்ணிலோ பதியலாம். ரசீது, பெட்டியின் போட்டோ, பில் மூன்றையும் முன்பே எடுத்து வையுங்கள். புகார் பதிவது சுலபம், பதிலில்தான் பலவீனம். விசாரணை நடக்கிறது என்ற ஒரு வரியோடு புகார் முடிக்கப்பட்டால் அதை ஏற்காதீர்கள். புகார் எண்ணைக் குறிப்பிட்டு, நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் (CPGRAMS) குறைதீர் தளம் இருக்கிறது.

வாங்குபவரை அதுவரை காக்க வைக்க வேண்டாம். அறிவித்த நாளுக்குள் பொருள் வராவிட்டால் பணத்தைத் திருப்பித்தர மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் ஆன்லைன் தளங்களில் விற்பவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் ஆன தாமதத்துக்கு மட்டும் விலக்கு. சொந்தமாக வாட்ஸ்அப்பில் விற்பவர்களும் அதையே கடைப்பிடிப்பது நல்லது. ஆகவே "3 நாளில் வரும்" என்று போடாமல் "7 முதல் 10 நாள்" என்று போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.