நிதி எடுத்துத் தருவதாக வருபவரிடம் வெற்றுக் கடிதத்தாளைக் கொடுக்காதீர்கள்

ஒட்டுசுட்டான், மாங்குளம், துணுக்காய்ப் பக்கத்துச் சங்கங்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வெளிநாட்டு நிதி எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் ஊர் ஊராகத் திரிகிறார். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் அவர் வாங்கியது 40,000 ரூபா. கூலி வேலைக்குப் போகிற பெண்கள் மாதாமாதம் சந்தாவாகச் சேர்த்த காசு அது. நினைக்க வயிறு எரிகிறது. ஆனால் காசைவிடப் பெரிய சேதமும் நடந்திருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

எங்களுடைய திட்டம் கச்சான், அதாவது நிலக்கடலை. விளைந்ததை மூட்டையாகவே வியாபாரியிடம் கொடுத்து, அவர் சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு வருகிறோம். கோது உடைக்கும் மெசினும், வறுத்துப் பொதி செய்ய ஒரு கொட்டகையும் இருந்தால், போரில் கணவனை இழந்த பெண்கள் பலருக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும். இது நல்ல திட்டம் என்று இப்போதும் சொல்வேன்.

அந்த ஆள் தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் வந்தார். “தூதரகங்களிலை எனக்கு ஆக்கள் இருக்கினம், புறொப்போசலை நான் எழுதுறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ அக்கா” என்றார். எழுத்துக்கூலி, பதிவுக் கட்டணம் என்று காசு வாங்கினார். நிதி கிடைத்தால் பத்து வீதம் தனக்கு என்றார். பற்றுச்சீட்டு தரவில்லை. பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நிர்வாகிகளின் அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தார். ஒன்றும் எழுதாத கடிதத்தாள்களில் சங்க முத்திரையும் கையெழுத்தும் வாங்கினார். பெண்களை அவரவர் வீட்டு வாசலில் நிறுத்திப் படமும் எடுத்தார்.

பிறகு போன் எடுத்தால் பதில் இல்லை. விடாமல் கேட்டதில், அனுப்பியதாகச் சொன்ன விண்ணப்பத்தின் பிரதியை வட்ஸ்அப்பில் போட்டார். அதில் பயனாளிகள் ‘மீனவக் குடும்பங்கள்’ என்றிருந்தது. வரவுசெலவில் வலையும் ஐஸ் பெட்டியும். கச்சான் என்ற சொல்லே இல்லை. பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் அதே பக்கங்கள்தான், பெயர் மட்டும் வேறு. அவர் காசு வாங்கிய நாளுக்கு முன்பே அந்த விண்ணப்பத்தின் முடிவுத் திகதி போய்விட்டது என்பதும் தெரியவந்தது.

அதற்குப் பிறகுதான் வெளிநாட்டிலிருந்து ஒருவர் எங்கள் தலைவிக்குப் போன் எடுத்து, “அனுப்பின காசு கிடைச்சதோ?” என்று கேட்டார். எங்கள் கடிதத்தாளில், எங்கள் முத்திரையோடு, எங்கள் பெண்களின் படங்களைக் காட்டி யாரோ உதவி கேட்டிருக்கிறார்கள். ஒரு சதமும் எங்களுக்கு வரவில்லை. தன் முகத்தை வைத்துப் பிச்சை கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்த அம்மா ஒருவர் இப்போது கூட்டத்துக்கே வருவதில்லை. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான கொடையாளர் யாரும் விண்ணப்பத்துக்குக் காசு கேட்பதில்லை. ஜப்பான் தூதரகம் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்ட நிதி என்று ஒன்றைக் கொடுக்கிறது. வன்னியில் கண்ணிவெடி அகற்றிய நிறுவனங்களுக்கும் அந்த நிதி கிடைத்தது. தனியாருக்கும் இலாபத்துக்கு நடத்தும் நிறுவனங்களுக்கும் அது இல்லை. 1992இல் தொடங்கிய உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் ஊடாக நடக்கிறது, சூழலோடு தொடர்புள்ள வேலைக்குத்தான் கொடுப்பார்கள். கனடா, அவுஸ்திரேலியா உயர்ஸ்தானிகராலயங்களும் சிறு நிதிகளுக்கு அழைப்பு விடுவதுண்டு. யாருக்குக் கொடுப்போம், எதற்குக் கொடுக்கமாட்டோம் என்று அந்த அறிவித்தலிலேயே எழுதியிருப்பார்கள். முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான். ஆங்கிலம் என்று பயப்படாதீர்கள், ஏ.எல். படிக்கிற பிள்ளையை வைத்தாவது வரிவரியாகப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் பல சங்கங்கள் தடக்குப்படுவது பத்திரங்களில்தான். சங்க விதிகள் எழுதிய யாப்பு, கூட்ட அறிக்கை, கணக்காய்வு செய்த கணக்கறிக்கை, வெவ்வேறு கடைகளின் விலைக்கூறல்கள் இவற்றை அழைப்பு வருமுன்பே சேர்த்து வையுங்கள். கட்டடம் என்றால் காணி யாருடையது என்ற கேள்வி வரும். வன்னியில் பல காணிகள் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள், அதுவும் தனியாள் பெயரில். அப்படியான காணியில் பொதுக் கொட்டகை போடக் கொடையாளர் தயங்குவார்கள். ஆகவே பொதுக்காணி பற்றிப் பிரதேச செயலகத்தில் முதலே கதையுங்கள். சங்கப் பதிவு போதாது, 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அப்படியென்றால் பதிவுள்ள நிறுவனம் ஒன்றோடு எழுத்தில் உடன்பாடு செய்து விண்ணப்பிக்கலாமா என்று கொடையாளரிடமே கேளுங்கள்.

புறொப்போசல் எழுத ஆள் பிடிப்பது பிழையில்லை. ஆனால் அவர் ஊருக்கு வந்து உங்களோடு இருந்து எழுத வேண்டும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து. விண்ணப்பம் சங்கத்தின் சொந்த ஈமெயிலில் இருந்து போகட்டும்.

நாங்கள் பொலிசில் முறைப்பாடு செய்திருக்கிறோம். பழைய முத்திரை செல்லாது என்று பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் கடிதம் கொடுத்து, முத்திரையையும் கடிதத்தாளையும் மாற்றிவிட்டோம். இதே ஆளிடம் கையெழுத்திட்ட தாள் கொடுத்த சங்கங்கள் இந்தக் கிழமையே அப்படிச் செய்யுங்கள். முறைப்பாட்டில் உங்கள் பெயரையும் சேர்க்க விரும்பினால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.